பழைய செடானில் பணத்தை முறையாகக் கரைப்பது எப்படி?

முதலில் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உற்பத்தி நின்று பல வருடம் ஆன மாடலாகப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு இதில் மண்ணின் பெருமையும் சேரும். 1998-ல் திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், 1999-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான், அதே வருடம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் ஆக்சென்ட் என்று மூன்றுமே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். ஒரு லட்சத்துக்குள் பேசி முடிக்கலாம். புது ஹேட்ச்பேக்குக்கு ஆறு லட்சம் கொடுப்பவர்களை அன்று முதல் நீங்கள் பரிதாபமாகப் பார்க்கலாம்.

வண்டி பார்க்க மாலையில் போங்கள். புறப்படுவதற்கு முன் போன் செய்து, கொஞ்சம் ஓட்டி வைக்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் நீலப் புகையும் டப்பெட் சத்தமும் வெளியே வந்து உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023-ல் மிக்ஜாம் புயலிலோ முங்கிய வண்டியாக இருந்தால், சேற்றுக் கறை அங்கேதான் மிச்சமிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் படிக்க வேண்டாம். 0914 என்றிருந்தால் 2014-ம் வருடம் ஒன்பதாவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். அது தெரிந்த பிறகு பைபாஸில் நிம்மதியாக ஓட்ட முடியாது. “டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்” என்று புரோக்கர் சொன்னால் போதும். எந்த டாக்டர் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டரிலிருந்து தொடங்குங்கள். செலவு செய்ய இதைவிட நல்ல இடம் கிடையாது. கூலன்ட் லிட்டர் சில நூறு ரூபாய். குழாய்த் தண்ணீரோ இலவசம். எனவே தண்ணீரையே ஊற்றுங்கள். கூலன்ட் கொதிநிலையை ஏற்றுவதோடு உள்ளே துரு பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளும். நம் போர்வெல் தண்ணீர் உப்பைப் படியவைத்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்கும். சூடு ஏறும்போது மெக்கானிக் ஒரு தீர்வு சொல்வார்: “நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிப் போட்டுடலாம்.” சம்மதியுங்கள். இனி எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும், அதுவரை பெட்ரோலை அதிகம் குடிக்கும். அடுத்து ஃபேனை ‘டைரக்ட்’ செய்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைப்பார். அந்த சுவிட்சைப் போட நீங்கள் மறக்கும் நாள் வரும். அது பெரும்பாலும் திண்டிவனம் டோல்கேட் வரிசையாக இருக்கும்.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலும் ஓரங்கட்டாதீர்கள், வீடு பக்கம்தானே. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி நிறம் தெரியும். ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டும். கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து வெளி மெக்கானிக்கிடமே பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை ஆகும். தெர்மோஸ்டாட் ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் என்பதை அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.

அடுத்தது டைமிங் பெல்ட். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று விசாரிக்க வேண்டாம். ஓடோமீட்டர் எழுபதாயிரம் காட்டினால் அப்படியே நம்புங்கள், இருபது வருடத்தில் அந்த வண்டி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் போயிருக்கும். பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப் மாற்ற ஐந்திலிருந்து எட்டாயிரம் ஆகும் என்று ஒரு நல்ல மெக்கானிக் சொல்வார். அவரிடம் இனிமேல் போகாதீர்கள். பெல்ட் ரப்பர்தான்; ஓடாமல் நின்றாலும் வயதாகி வெடிக்கும். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வுகளை அது முட்டி வளைக்கும். பில் முப்பதாயிரத்தைத் தாண்டும். வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே வினாடியில் செலவழிக்க இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏ.சி. விஷயத்தில் பொறுமை தேவை. கோடைக்குக் கோடை இரண்டாயிரம் கொடுத்து கேஸ் நிரப்புங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல, எங்கோ கசிகிறது என்று யாராவது கிளப்பினால் பேச்சை மாற்றுங்கள். கசிவு கூலிங் காயிலில் என்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். கழற்றி மாட்டியபின் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். அதற்குப் பிறகு வரும் கிறீச் சத்தம் வண்டியோடு நிரந்தரமாகத் தங்கிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

2003-ல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ வாங்கியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நாலு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். கை எட்டுகிற நாலை மட்டும் மாற்றிவிட்டு, எட்டும் மாற்றியதாகச் சொல்பவரை மனதார நம்புங்கள்.

முன்பக்கம் கடகடவென்றால் காரணம் லிங்க் ராடாக இருக்கலாம், லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம், ஸ்டியரிங் ரேக்காகவும் இருக்கலாம். விலை கூடியதிலிருந்து மாற்றிக்கொண்டே வாருங்கள். கடைசியில் சில நூறு ரூபாய் புஷ்ஷில் சத்தம் நிற்கும். புதுப் பாகம் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டைக்குப் போங்கள். உங்களுடையது போன்ற இன்னொரு வண்டியை அங்கே பிரித்துப் போட்டிருப்பார்கள். அதன் ரேக்கும் ஆடுமே என்று சந்தேகப்படாதீர்கள், அது இந்த அளவுக்கு ஆடாது என்று கடைக்காரர் சொல்வார்.

பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பும் காலையில் ஹார்ன் அடிக்காது. முந்நூறு ரூபாய் வேலை. அதை மட்டும் உடனே செய்துவிடுங்கள். ஆய்வாளர் ஹார்னை அடித்துப் பார்ப்பார், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க மாட்டார்.