பிறகு சரிசெய்துகொள்பவர்

தமிழ்நாட்டுத் திருமண மண்டபங்களில் காணப்படும் மனித வகைகளுள், பந்திக்கு முந்துபவருக்கும் மொய் நோட்டைக் காப்பவருக்கும் கிடைத்த கவனம், சம்பளத்துக்கு வந்த வீடியோக்காரருக்கும் மணமக்களுக்கும் நடுவே கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்கும் உறவினருக்குக் கிடைத்ததில்லை. இவர் பெரும்பாலும் மணப்பெண்ணின் சித்தப்பாவாக இருப்பார். பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், அல்லது ஓய்வுபெற்றவரைப் போலவே அலுவலகம் சென்று வருபவர். ஒரு கையில் காப்பி டம்ளரும் மறுகையில் கைப்பேசியுமாக அவர் நடந்துகொண்டே படமெடுப்பதைக் கண்டு எவரேனும் ஆட்டத்தைச் சுட்டிக்காட்டினால், “ஆடட்டும் மாப்பிள்ளை, வீட்டுக்குப் போய் சாஃப்ட்வேர்ல போட்டா நின்னுடும்” என்பார்.

அவர் குறிப்பிடுவது காட்சியை நிலைப்படுத்தும் மென்பொருளை. தொடர்ந்து வரும் சட்டகங்களில், அதாவது காணொளியை உருவாக்கும் தனித்தனிப் படங்களில், தூணின் விளிம்பு, விளக்கின் முனை போன்ற புள்ளிகள் எவ்வளவு இடம்பெயர்ந்தன என்று ஒப்பிட்டு, அதிலிருந்து கை ஆடிய பாதையைக் கணித்து, அப்பாதையின் மேடுபள்ளங்களைச் சமன்செய்து, ஒவ்வொரு சட்டகத்தையும் எதிர்த்திசையில் நகர்த்துவதே அதன் தொழில். சித்தப்பா பயன்படுத்தும் விட்ஸ்டாப் என்னும் இலவச மென்பொருள் இதனை இரு சுற்றுகளில் செய்கிறது. முதற்சுற்று அளக்கும், இரண்டாம் சுற்று திருத்தும். நடுக்கத்தின் கடுமையை 1 முதல் 10 வரை குறிக்கலாம் என்ற இடத்தில் அவர் எப்போதும் 10 என்றே இடுவது, அதனைத் தமக்குரிய மதிப்பெண்ணாகக் கருதுவதால் இருக்கலாம். படக்கருவி முக்காலியில் நின்றதுபோலக் காட்டும் அமைப்பும் அதில் உண்டு. மைத்துனர் பரிசளித்த உண்மையான முக்காலி, உறை பிரிக்கப்படாமல் பரணில் இருக்கிறது.

தம் முறைக்கு முன்னோடியாக அவர் 1976இல் வெளிவந்த ‘ராக்கி’ திரைப்படத்தை எடுத்துக்காட்டுவார். அதில் நாயகன் பிலடெல்பியாவின் படிக்கட்டுகளில் ஓடி ஏறும் காட்சியும் ஆள் சுமந்து எடுத்ததுதானே என்பது அவர் வாதம். காரெட் பிரவுன் வடிவமைத்த ஸ்டெடிகாம் என்ற கருவி, உடலோடு கட்டிய கவசமும் வில்சுருள் பொருந்திய கையும் கொண்டு ஆட்டத்தைப் படமெடுக்கும்போதே விழுங்கிவிட்டது என்பதையும், பிரவுன் காப்பி டம்ளர் ஏந்தியிருக்கவில்லை என்பதையும் அவர் சொல்வதில்லை.

மென்பொருளுக்கோ, சட்டகத்தில் தெரிவனவற்றுள் பெரும்பகுதி அசையாதது என்றொரு நம்பிக்கை உண்டு. கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபமே எழுந்து அட்சதை தூவ, அசையும் கைகளே திரையை நிறைத்துவிடுவதால், அது கூட்டத்தை நிலையான பூமியாகக் கொண்டு, மணவறைத் தூண்களை ஆட்டிவிடுகிறது. கை ஆடியபோது சட்டகத்திலேயே படிந்துவிட்ட மங்கலையும் இம்முறை நீக்குவதில்லை. ஆகவே அசையாத திரையில் மூன்றாம் முடிச்சு மட்டும் திடீரெனக் கலங்கித் தெளிகிறது. புரோகிதர் புகைக்குள் இருந்தார் என்று சித்தப்பா இதற்கு விளக்கம் தருவார்.

இவையெல்லாம் குடும்பத்தார் பொறுத்துக்கொள்ளும் குறைகளே. பொறுக்கமுடியாதது விளிம்பு வெட்டு: சட்டகத்தை நகர்த்தும்போது ஓரங்களில் தோன்றும் கருமையை மறைக்க, மென்பொருள் படத்தைப் பெரிதாக்கி விளிம்புகளை வெட்டிவிடும், கை எவ்வளவு ஆடியதோ அவ்வளவு வெட்டும் கூடும். தமிழ்க் குடும்பத்தின் குழுப்படத்தில் விளிம்பில் நிற்பவர் எளியவர் அல்லர். நடுவில் நிற்க மும்முறை வற்புறுத்தப்பட்டு, மூன்று முறையும் மறுத்து, நான்காம் அழைப்புக்காகக் காத்திருந்த பெரியப்பா அவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளியில் தமது இடத்தோள் மட்டுமே எஞ்சியிருப்பதைக் கண்ட அவர், வளைகாப்புக்கு வரப்போவதில்லை என்று அறிவித்ததும், சமாதானத்துக்குச் சென்ற தூதர்கள் ஆட்டத்தோடு கூடிய மூலப்படத்தை அனுப்பினால் போதும் என்று சித்தப்பாவிடம் மன்றாடினர். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அதனை அவர் முந்தைய வாரமே அழித்திருந்தார்.