பதினைந்தாவது மட்டைக்குத் தண்டம், மிதித்த மணலுக்கு மன்னிப்பு

பெறுநர்: ஆர் அண்ட் ஏ விதிக்குழுவினர், செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து.

பெருமதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மாமார்களே,

1957-இல் மலாயாவை விட்டுப் போன வெள்ளைக்கார ஆட்சி எங்களிடம் எத்தனையோ வழக்கங்களை விட்டுச் சென்றது. பலவற்றை மாற்றிக்கொண்டோம், சிலவற்றைத் தூக்கி எறிந்தோம். உங்கள் ஆட்சியை மட்டும் இதுவரை ஒருவரும் எதிர்த்ததில்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் வேறொரு சங்கத்தின் கீழ் இருக்க, மிச்ச உலகத்தின் கோல்ஃப் திடல்களெல்லாம் உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆயர் குரோவில் குளத்தில் விழுகிற பந்தும் அலோர் காஜாவில் செம்பனை ஓரத்தில் தொலைகிற பந்தும் உங்கள் அதிகாரத்துக்குள்தான் விழுகின்றன, தொலைகின்றன. மெர்டேக்கா என்று விடுதலை கேட்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் விசுவாசமுள்ள குடிகளுக்கு மனுப் போடும் உரிமை எந்த ராஜ்ஜியத்திலும் உண்டு. மலாக்கா மாநிலத்தில் ஓய்வூதியத்தை எண்ணிச் செலவழித்து இந்த ஆட்டத்தை ஆடிவரும் மூத்தவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

உங்கள் துல்லியத்தைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், டிரைவர் மட்டையின் தலை 460 கன சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஜாலான் துக்காங் எமாஸில் இருந்த பழைய நகைத் தட்டார்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகத் தங்கம் நிறுத்திருக்க மாட்டார்கள். ஆட்டக்காரனின் நடத்தை என்று வரும்போதுதான் தராசைக் காணோம். 2018 வரை உங்கள் விதிப்புத்தகத்தைத் திறந்தால் முதல் பகுதியே ஆட்ட மரியாதை பற்றியதாக இருந்தது. பிறர் அடிக்கும்போது பேசாதே, பெயர்த்த புல்லைத் திரும்ப வை, பங்கர் மணலைச் சமன்படுத்திவிட்டு வா, பின்னால் வருகிறவர்களைக் காக்க வைக்காதே என்று வீட்டுப் பெரியவர் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுத்தான் விதிகள் தொடங்கும். 2019-இல் எல்லாவற்றையும் புதுப்பித்தபோது அந்தப் பகுதியைக் கலைத்து, அதன் சாரத்தை 1.2 என்ற விதிக்குள் சில வரிகளாகச் சுருட்டி வைத்தீர்கள். அதே ஆண்டில் சாமான்களுக்கான விதிகள் தனிப் புத்தகமாகவே வெளிவந்தன. மரியாதைக்கு ஒரு பத்தி, மட்டைக்கு ஒரு புத்தகம். இந்த விகிதத்தைப் பற்றித்தான் என் முறையீடு.

தண்டனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் நீங்களே நடத்திய ஓப்பன் போட்டியில், ராயல் லித்தம் திடலில், கடைசி நாள் இரண்டாம் குழிக்கு வந்தபோது வீரர் இயன் வூஸ்னமின் பையில், அனுமதிக்கப்பட்ட 14-க்குப் பதிலாக 15 மட்டைகள் இருப்பது தெரிந்தது. பை சுமக்கும் கேடி வெளியே எடுத்துவைக்க மறந்த ஓர் உபரி டிரைவர். அன்றைய ஆட்டத்தில் அதைக் கொண்டு அவர் ஒரு பந்தையும் அடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு ஸ்ட்ரோக் தண்டம். சட்டம் சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தின் கீழ் ஒருவர் பங்கருக்குள் எருமை புரண்டதைப் போல மணலைக் கிளறிவிட்டு, அப்படியே பக்கி வண்டியில் ஏறிப் போகலாம். ஒரு ஸ்ட்ரோக்கும் ஏறாது. கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யாமல் போகலாம், ஏறாது. அடுத்தவர் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியில் நிலத்தரகு பேசலாம், ஏறாது. நடத்தை மிக மோசமானால் ஆட்டத்தைவிட்டே நீக்கலாம் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒன்று, ஒன்றுமே இல்லை; இல்லாவிட்டால் நேராகத் தூக்குமேடை. நடுவில் ஒரு சிறு அபராதம்கூட உங்கள் கற்பனைக்கு எட்டவில்லையா?

எட்டியது என்று பதில் சொல்வீர்கள், அதுவும் தெரியும். அந்தந்த மன்றத்தின் குழு தனக்கென நடத்தை நெறி ஒன்றை வகுத்துக்கொண்டு தண்டம் விதிக்கலாம் என்று 2019-இல் வழி செய்திருக்கிறீர்கள். உங்கள் நல்லெண்ணம் வாழ்க. ஆனால் மலேசிய கோல்ஃப் மன்றங்களின் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். டத்தோ பட்டக்காரர்கள், டத்தோ ஸ்ரீக்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், நாளைக்கு ஒப்பந்தம் தரப்போகிறவர்கள். டத்தோவைப் பார்த்து, 'ஐயா, மணலைச் சமன் செய்யவில்லை, ஒரு ஸ்ட்ரோக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் குழுச் செயலாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். வூஸ்னமுக்கு எதிராகச் சட்டம் செல்லுபடியானதற்குக் காரணம், அது செயின்ட் ஆண்ட்ரூஸின் சட்டம். உள்ளூர்க் குழுவின் சட்டம் உள்ளூர் முகத்தைப் பார்க்கும். கடினமான வேலையை உள்ளூருக்குத் தள்ளிவிட்டு, 45.93 கிராமை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டது சாமர்த்தியம்தான்.

விதிப்புத்தகம் எதை எடை போடுகிறதோ அதையே ஆட்டக்காரனும் பெரிதாக எண்ணுவான். செலவும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1843-இல் சிங்கப்பூரிலிருந்த டாக்டர் மாண்ட்கோமரி மலாய்க் காடுகளின் கட்டா பெர்ச்சா பாலை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். 1848 வாக்கில் உங்கள் ஸ்காட்லாந்தில் அதைக் கொண்டு பந்து உருட்டினார்கள். இறகு அடைத்த பழைய பந்து ஓய்வு பெற்றது. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் கித்தா மரங்களை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்களில் ஒன்று அது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் இழையை இறுக்கிச் சுற்றிப் புதுப் பந்து செய்தார். அதை வைத்து சாண்டி ஹெர்ட் 1902 ஓப்பனை வென்றார். அந்தப் பந்து அதிக தூரம் பறந்தது. திடல்கள் போதாமல் போய் நீளத் தொடங்கின. பிறகு 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கிக் குவித்த டன்லப் கம்பெனிதான், 1934 ஓப்பனில் ஹென்றி காட்டன் எடுத்த 65-ஐ வைத்து 'டன்லப் 65' என்று பந்துக்குப் பெயரிட்டு விற்றது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் எண்ணிக்கைக்கு நின்று எங்கள் பாட்டனார்கள் வெட்டிய பால் டயராகப் போனதுபோலவே பந்தாகவும் போயிற்று. தொரைமார் அதை அடித்தார்கள்; தோட்டத்துப் பிள்ளைகள் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். இன்று பந்தின் உள்ளே இருப்பது பெட்ரோலியத்திலிருந்து வந்த செயற்கை ரப்பர். எங்கள் மரம் பந்தைவிட்டு வெளியேறிவிட்டது. தூரத்தின் மீதான ஆசை மட்டும் வெளியேறவில்லை.

அந்த ஆசைக்கு என்ன விலை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்கச் சங்கத்தோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், பந்து அதிக தூரம் போகப் போகத் திடல் நீள்கிறது, நிலமும் நீரும் பராமரிப்பும் ஆடும் நேரமும் கூடுகின்றன என்று ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் அளவீடுகளின்படி பிரிட்டனின் சாதாரண ஆண் ஆட்டக்காரர் 1996-இல் டிரைவரால் அடித்த தூரம் ஏறக்குறைய 200 கெஜம். 2019-இல் ஏறக்குறைய 216. அதாவது டைட்டானியம், கார்பன், கணினி வடிவமைப்பு என்று 23 ஆண்டுகள் விளம்பரம் செய்து, மனிதகுலம் கண்ட முன்னேற்றம் 16 கெஜம். இதற்காக முன்னணி நிறுவனங்களின் புது டிரைவர் அமெரிக்க விலையில் 600 டாலரைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது. எங்கள் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). திடலில் புல் வெட்டுகிற தொழிலாளி ஒரு மாதம் முழுக்க வெயிலில் நின்றாலும் அந்த ஒற்றை மட்டையை வாங்க முடியாது. 2023 டிசம்பரில் நீங்கள் பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கும் முடிவை அறிவித்தபோது, பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கு 2030 முதல் ஐந்து கெஜத்துக்கு மேல் இழப்பு இருக்காது என்று ஆறுதல் சொன்னீர்கள். நிறுவனங்களோ உலகமே முடிந்துபோனதுபோல அலறின. எழுபது வயதில் 150 கெஜம் அடிக்கிறவருக்கு ஐந்து கெஜம் போனால் என்ன? அந்த ஐந்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி 2030-இல் இன்னொரு டிரைவரை விற்பார்கள். அதுதான் எங்கள் கவலை.

ஆகவே ஒரு யோசனை. ஒரு பைக்கு இத்தனை மட்டை என்று வைத்திருக்கும் 14 என்ற எண்ணை 7 ஆக்குங்கள். இதைக் கேட்டதும் உங்கள் நெற்றி சுருங்கும். ஆனால் 14 என்பது வேதவாக்கு அல்லவே. 1930-களில் சில வீரர்கள் இருபது, முப்பது மட்டை வரை கேடியின் தோளில் ஏற்றியதால் அமெரிக்கர்கள் 1938-இலும் நீங்கள் 1939-இலும் போட்ட கடிவாளம் அது. அதற்கு முன்பே 1916-இல் சிக் எவன்ஸ் ஏழே மட்டைகளோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். அவர் எடுத்த 286 இருபது ஆண்டுகள் சாதனையாக நின்றது. அவரால் முடிந்ததற்கு இருமடங்கு சாமான் நமக்கு எதற்கு? ஏழு மட்டை என்றால் பை இலேசாகும். பக்கியைக் கட்டாயமாக்கிக் கட்டணம் பிடுங்கும் மன்றங்களுக்குச் சாக்குக் குறையும். எந்த மட்டை என்று யோசித்துப் பை முன்னால் தவம் கிடக்கும் நேரம் மிச்சமாகும். ஒரே மட்டையால் முழுதும் அரையும் காலுமாக அடிக்கத் தெரிந்தாக வேண்டும் என்பதால், காசால் வாங்க முடியாத அந்தப் பழைய திறமையும் திரும்பும்.

விலையை நிர்ணயிப்பது எங்கள் வேலையல்ல, யாரும் யாரையும் வாங்கச் சொல்லவில்லை என்பது உங்கள் முதல் ஆட்சேபமாக இருக்கும். உண்மைதான், ஆனால் நீங்கள் உச்சவரம்பு என்று எழுதியதைக் கடைக்காரர் குறைந்தபட்சம் என்று வாசிக்கிறார். பை நிறையவில்லை என்றால் ஆட்டக்காரரே கூச்சப்படுகிறார். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: வசதியில்லாதவர் கோல்ஃப் ஏன் ஆட வேண்டும், பூப்பந்து ஆடலாமே? வசதியில்லாதவர்கள் இந்த ஆட்டத்துக்குள் வந்தது பந்து பொறுக்கும் வேலையாக இருந்தாலும், வந்தபின் அவர்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியத் தொழில்முறை கோல்ஃபின் வரலாற்றை மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் பெயர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. கதவைச் சாத்தினால் யாரை இழப்போம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது ஆட்சேபம் எங்கள் பக்கத்திலிருந்தே வரும். அதை நான் மறைக்கப்போவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பும் விடுதியும் திடலுமாக மாறிய காலத்தில், லயத்து வீடுகளையும் கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் பற்றிக் கவலைப்பட வேண்டிய தமிழன், மட்டை விலையைப் பற்றிக் கடிதம் எழுதுவதா? கேட்க வேண்டிய கேள்விதான். 1993 ஏப்ரல் 29-ஐ உலக கோல்ஃப் மறுப்பு நாளாக அறிவித்த இயக்கத்தில் மலேசியர்களும் முன்னணியில் நின்றார்கள். நிலம், நீர், பூச்சிமருந்து பற்றி அவர்கள் அன்று கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் என் மனுவுக்கு வலுவே சேர்க்கின்றன. பந்து குறைந்த தூரம் பறந்தால் திடல் சிறுக்கும். திடல் சிறுத்தால் நிலம் மிஞ்சும். சாமான் பெருகப் பெருக நிலத்தை விழுங்கும் ஆட்டத்தை, சாமான் விதியை எழுதுகிற நீங்கள்தான் கட்டுக்குள் கொண்டுவர முடியும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை 2019-இல் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாக்கினீர்கள். கண்புரை அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர், லாலாங் புல்லுக்குள் பாம்பையும் பார்த்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வெள்ளிக்கு மேல் விலையுள்ள பந்தையும் மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறீர்கள். ஆட்ட வேகத்துக்காக என்றால் சரி, ஏற்கிறோம். பந்தின் விலையையும் அதே விகிதத்தில் வெட்டியிருக்கலாம். மலாக்காவின் நண்பகல் வெயிலில் கழுத்துப்பட்டைச் சட்டை அணியாதவரை ஒழுக்கக்கேடராகப் பார்க்கும் மன்றங்களைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். ஆனால் உங்கள் பெயருக்கு மூலமான செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 1754-இல் தொடங்கி, பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று வாக்களித்தது 2014-இல்தான். 260 ஆண்டுகள். அந்த வேகத்தில் பார்த்தால் சட்டைப் பட்டையைப் பற்றி இப்போது கேட்பது அவசரப்படுவதாகும்.

ஆகவே கேட்பது மூன்றே. அடுத்த திருத்தப் பதிப்பில் 14 என்ற இடத்தில் 7 என்று அச்சிடுங்கள். 15-ஆவது மட்டைக்கு வைத்திருக்கும் இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒன்றை எடுத்து, சமன்படுத்தாத பங்கருக்கும் சரிசெய்யாத கிரீனுக்கும் உங்கள் பெயராலேயே விதியுங்கள். உள்ளூர்க் குழுவின் தலையில் கட்டாதீர்கள். ஆட்ட மரியாதைப் பகுதியைப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள். இதில் எதற்கும் ஆய்வுக்கூடமோ வேகம் அளக்கும் கருவியோ தேவையில்லை, அச்சுச் செலவு மட்டும்தான். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் சொல்லியனுப்புங்கள். மலாக்காவின் ஓய்வூதியக்காரர்கள் ஆளுக்கு ஒரு பந்தின் விலையைப் போட்டு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் விதிக்குக் கட்டுப்பட்ட,
மலாக்கா மாநில மூத்த ஆட்டக்காரர்களில் ஒருவர்