தொட்டிச் சாமந்தியின் ஆயுள்: ஓர் ஆராய்ச்சி

சாமந்தி ஒரு பல்லாண்டுத் தாவரம் என்பது தாவரவியலார் துணிபு. அது மூன்று வாரத் தாவரம் என்பது மாடித் தோட்டம் போட்டவர் துணிபு. இரு தரப்பாரும் தத்தம் கொள்கையில் உறுதியாக இருப்பதால், பொங்கலுக்கு வாங்கிய தொட்டிகள் மாசி பிறப்பதற்குள் குப்பை வண்டி ஏறுகின்றன. இத்தனை பெரிய பூசல் ஒரு முனைவர் பட்டத்துக்கும் வழிவகுக்காதது வருந்தத்தக்கது. அக்குறையை ஒருவாறு நீக்க முயல்வதே இக்கட்டுரை.

முதற்கண் ஆய்வு எல்லை. சாமந்தி டெய்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பமோ மிகப் பெரிது. லூதர் பர்பேங்க் என்பார் கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் ஒட்டுச் சேர்த்து 1901இல் வெளியிட்ட சாஸ்தா டெய்சி உலகப் புகழ் பெற்றது. ஆனால் பனி மூடிய மலையொன்றின் பெயர் தாங்கிய அச்செடியைச் சித்திரை வெயிலில் வேலூர் மாடியில் வைப்பது ஆராய்ச்சியில் சேராது, குற்றவியலில் சேரும். எனவே விலக்கப்பட்டது. சூரியகாந்தி ஒரே ஆண்டில் கதையை முடித்துக்கொள்வதால் அதுவும் விலக்கு. கரிசலாங்கண்ணி தைலக்காரர் துறை.

எஞ்சும் உறவினருள் பார்த்தீனியம் நம் கவனத்துக்குரியது. யாரும் நடுவதில்லை, யாரும் நீர் வார்ப்பதில்லை, பிடுங்கி எறிந்தவர் கைதான் அரிக்கிறது. காலி மனை எங்கும் அது செழிக்கிறது. இக்குடும்பத்தில் மனிதர் காட்டும் அக்கறைக்கும் செடியின் ஆயுளுக்கும் தலைகீழ் உறவு உண்டோ என்ற ஐயம் இங்கேதான் பிறக்கிறது. இதையே நம் கருதுகோளாகக் கொள்வோம்.

கொள்முதலிலிருந்து தொடங்கலாம். நர்சரியில் சாமந்தி ஒரு சாண் உயரத்தில், இலை தெரியாமல் பூத்து நிற்கும். இந்த அடக்கம் பல சமயம் செடியின் இயல்பன்று. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்து வரவழைத்தது. மருந்தின் வேகம் தீர்ந்த மறு பருவத்தில் அதே செடி முழங்காலுக்கு மேல் வளர்ந்து சாயும். வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். உண்மையில் செடி அன்றுதான் தன் சொந்த உருவத்தைக் காட்டுகிறது; ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டால் போதும். இன்னொன்று: நாம் ஒரு பூ என்று எண்ணுவது ஒரு பூவே அன்று. ஓரத்தில் இதழ் நீட்டியவையும் நடுவில் குழல் போல் நெருங்கியவையுமாக நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே காம்பில் குடியிருக்கின்றன. முழத்துக்குப் பேரம் பேசுவோர் இதை அறிந்தால் பூக்காரம்மாவிடம் சற்றுப் பணிவாகப் பேசக்கூடும்.

இனி நீர். அக்கறையின் முழு வடிவம் இதுவே. காலையில் அப்பா ஊற்றுகிறார். அவர் ஊற்றியது தெரியாமல் அம்மா ஊற்றுகிறார். ஊரிலிருந்து வந்த மாமா, “செடி வாடிக் கிடக்கே, யாரும் தண்ணி ஊத்தலையா?” என்று ஒரு வாளியே ஊற்றுகிறார். சாமந்தி வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்றிருந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. உறிஞ்சாததால் இலை துவளும். நீர் இல்லாமல் வாடும் செடியும் நீரில் அழுகும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. நோயே மருந்துபோல் தோன்றுவதால் மாமா இன்னொரு வாளி கொண்டுவருகிறார். நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. விரலை மண்ணில் ஒரு கணு அளவு செருகி, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டியின் துளையை ஓட்டுச்சில்லு வைத்து மண் அடைக்காமல் காக்க வேண்டும். செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலக்க வேண்டும். இவ்வளவே.

அடுத்து வெளிச்சம், அறிஞர் உலகம் பெரிதும் கவனிக்காத இயல் இது. சாமந்தி இரவை அளக்கும் செடி. தடையற்ற இருட்டு போதிய நேரம் நீடித்தால்தான் அது மொட்டு வைக்கத் துணியும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை, புகையிலையையும் சோயாவையும் வைத்து அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் 1920இல் எழுதி வெளியிட்டார்கள். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்போர் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள்: பூ தள்ளிப்போக வேண்டுமென்றால் இரவில் விளக்கு, சீக்கிரம் வேண்டுமென்றால் கருப்புத் துணி. நம் மாடித் தோட்டக்காரரோ திருடனுக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டியருகே விடிய விடிய எரியும் எல்.இ.டி. விளக்கை மாட்டிவிட்டு, அதனடியிலேயே தொட்டியை வைத்து, “இலையா தள்ளுது, மொட்டையே காணோம்” என்று வேப்பம் புண்ணாக்கு வாங்கப் போகிறார். செடிக்கு எருவில் குறையில்லை. அதற்கு இன்னும் பொழுதே சாயவில்லை.

திருடன் என்றதும் பூத்திருட்டு பற்றிய பழைய சான்றொன்று நினைவுக்கு வருகிறது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். செவ்வந்திப் புராணம் சொல்வது இது: சாரமா முனிவர் இறைவனுக்கென வளர்த்த செவ்வந்தியைப் பூ வணிகன் ஒருவன் களவாகப் பறித்துச் சோழ மன்னனுக்குக் கொடுத்து வந்தான். முனிவர் மன்னனிடம் முறையிட்டார், நடவடிக்கை இல்லை. இறைவனிடம் முறையிட்டார், கிழக்கு நோக்கியிருந்த இறைவன் உறையூரை நோக்கி மேற்கே திரும்ப, மண்மாரி பொழிந்து நகர் அழிந்தது. விடியற்காலை நடைப்பயிற்சிக்குக் கையில் பையுடன் கிளம்புவோர் இப்பகுதியை ஊன்றிப் படிக்கலாம். ஆனால் ஆய்வு நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதிர்ந்த பூவைச் செடியிலேயே விட்டுவைத்தால் அது விதை பிடிக்கப் பார்க்கும். பறிக்கப் பறிக்கப் பக்க மொட்டுகள் தேறும். ஆக, நீர் வார்ப்பவர் கொல்கிறார், பூத் திருடுபவர் பேணுகிறார். கருதுகோள் மேலும் உறுதிப்படுகிறது.

நுனி கிள்ளுவதும் இவ்வகையே. நட்ட நாலாவது வாரம் உச்சிக் குருத்தைக் கிள்ளி எறிய வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளை வெடித்துச் செடி புதராகும். புதியவர் பலர் கையைக் கொண்டுபோய்விட்டு, மனம் வராமல் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தடவப்பட்ட செடி ஒற்றைத் தண்டாக வானம் பார்க்கிறது.

பூச்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஜப்பானில் முதன்முதல் செய்த கொசுவர்த்திக்கு மூலப்பொருள் சாமந்தியின் நெருங்கிய உறவான பைரித்ரம் பூவின் பொடி. அந்தக் குலத்தில் பிறந்த நம் சாமந்தியோ அசுவினிக்கு அன்னசத்திரம் நடத்துகிறது. லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை வேளையில் இலைக்கு அடியில் தெளிக்கவும்.

இறுதியாக, மரணச் சான்றிதழ். பூ முடிந்த சாமந்தி பழுப்பேறி, இலை கருகி, பார்க்கச் சகிக்காமல் நிற்கும். வீட்டார் ஏகமனதாக அது செத்ததென்று தீர்மானம் போடுவது இந்தக் கட்டத்தில்தான். தண்டு ஓய்ந்தது மெய். ஆனால் மண்ணோடு ஒட்டி, அடித்தண்டைச் சுற்றிப் பச்சைப் பக்கக் கன்றுகள் கிளம்பியிருக்கும். பல்லாண்டு என்று தாவரவியலார் சொன்னது இவற்றை நம்பித்தான். நிலக்கோட்டை, தருமபுரிப் பக்கத்து விவசாயிகள் மறு பருவத்துக்கு நடுவதும் இத்தகைய வேர்க் கன்றுகளையே. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகமானாலும் சந்தையில் பேர் தெரியாமல் வாங்கிய ரகமானாலும் முறை ஒன்றே.

ஆகவே குப்பை வண்டியின் மணி கேட்டதும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். காய்ந்த தண்டை நாலு விரற்கடை விட்டு வெட்டுங்கள். கோடையில் நண்பகல் வெயில் படாத மூலையில் வைத்து, மாமாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி பிறந்ததும் கன்றுகளை வேரோடு பிரித்துத் தனித்தனித் தொட்டியில் நடுங்கள். மிஞ்சுபவற்றை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் அவர்கள் பறிக்க அவர்கள் வீட்டிலேயே பூ இருக்கும்.