டத்தோ கிராமாட் ஜேம்ஸ் பாண்டு

மாமாக் கடையில் சுவரோரத்து மேசை அவருடையது. முதுகுப் பக்கம் யாரும் வந்துவிடக் கூடாது. சாலையில் போகிற வருகிற எதுவும் தப்பிவிடவும் கூடாது. "தே தாரிக், கூராங் மானிஸ்" என்பதைக்கூட உதடு அசையாமல்தான் சொல்வார். கடைப் பையனுக்குக் காதில் விழாது, சீனி தூக்கலாகவே வரும். சத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஆள் அடையாளம் தெரிந்துவிடுமே என்று அதையும் குடித்து வைப்பார். கடமை என்று வந்துவிட்டால் சர்க்கரை வியாதியைப் பார்க்க முடியுமா?

இப்படி ஓர் அங்கிள் இல்லாத கடை டத்தோ கிராமாட்டில் கிடையாது. எங்கேயோ கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று கேட்டால், "கவர்மெண்டு பக்கம்" என்று நிறுத்திக்கொள்வார். ஸ்பெஷல் பிராஞ்சோ என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஈய ஆலை இருந்த இடத்தில் எழும்பிய பினாங் டைம்ஸ் ஸ்குவேர் முதல் பாடாங் பிரவுன் வரை அவர் சரகம்.

பயிற்சியெல்லாம் சினிமாக் கொட்டகையில். 1966-இல் ஜின்ஸ் சம்சுடின் 'கெராக் கிலாட்' படத்தில் ஜெஃப்ரி ஜைனாக வந்து மலாய்த் திரைக்கும் ஒரு பாண்டைத் தந்தார். மறு வருஷமே மாட் செந்தோல் 'மாட் பாண்ட்' எடுத்து அந்த மிடுக்கைக் கந்தலாக்கினார். சிரிக்கத்தான் எடுத்த படம். அங்கிள் மட்டும் சிரித்ததில்லை. "துறை ரகசியத்த இப்படியா தம்பி வெளிய விடுறது?" என்பார். 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' ஆக வந்த ஜெய்சங்கரும் தேறவில்லை: "அடிதடிக்கு அப்புறமும் கிராப்பு கலையாதவன் எப்படி மாறுவேஷம் போடுவான்?" 1986-இல் 'விக்ரம்' கமல் ராக்கெட்டைத் தேடிச் சலாமியா வரை போனதில் அவருக்குப் பெரிய வருத்தம். மாமாக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தகவல் தானே வந்திருக்குமாம்.

இவரைக் கேலி செய்து யாரும் படம் எடுக்க முடியாது. எடுத்தால் செய்திப் படமாகிவிடும்.

பினாங்குக் கார் எண் 'பி'யில் தொடங்கும். பேராக்கின் 'ஏ', கெடாவின் 'கே' வந்தாலும் விட்டுவிடுவார். சொந்தபந்தம் பார்க்க வந்திருக்கலாம். கோலாலம்பூர் 'டபிள்யூ' வந்து நின்றால்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. தொப்பி போட்ட ஒருவன் இறங்கி, நேராகக் கல்லாவுக்குப் போய் ஏதோ கிசுகிசுத்தான். அங்கிள் வண்டி எண்ணைச் சிகரெட் பெட்டி அட்டையில் குறித்தார்.

"கே.எல்.லேருந்து ஆள் இறக்கியிருக்கானுங்க. நீ பாக்காத மாதிரி இரு."

"தண்டாஸ் எங்கன்னு கேட்டாரு, அங்கிள்."

"அப்படித்தான் கேப்பாங்க."

சாயங்காலம் நாலு நம்பர் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். கையில் அதே சிகரெட் அட்டை. அந்த நாலு எண்ணுக்கும் பெரிசில் இரண்டு வெள்ளி, சின்னதில் இரண்டு வெள்ளி கட்டிவிட்டு, சீட்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"விசாரணை நடந்துகிட்டு இருக்கு தம்பி. ஏழு மணிக்கு மேலதான் ரிசல்ட்டு."