மாமா பதில்கள்: இருமல் ஸ்பெஷல்

வாயில் பீய்ச்சும் ஹோமியோபதி ஸ்ப்ரேயால் சளி, இருமல் போகுமா மாமா?
– வாசகர், பசியாவரம்

போகும். பீய்ச்சாவிட்டாலும் போகும். ஜலதோஷ வைரஸ் ஒரு வாரம், பத்து நாளில் தானே மூட்டை கட்டும். அது கிளம்புகிற நேரம் கையில் எந்த பாட்டில் இருக்கிறதோ, அதற்கு மாலை!

பாட்டிலில் '30 சி' என்று போட்டிருக்கிறதே, வீரியமா?
– வலைக்காரர், பசியாவரம்

ஒரு பங்கு மருந்தை நூறு பங்காக நீர்த்தால் 1 சி. அதையே முப்பது தடவை செய்தால் 30 சி. உங்க ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பழவேற்காடு ஏரி, நல்ல ஏத்தத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர். ஆழம் சராசரி ஒரு மீட்டர். அதில் ஒரு சொட்டு மருந்தை விட்டுக் கலக்கினால் கிட்டத்தட்ட 8 சி. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இன்னொரு ஏரியில், அதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவது ஏரியில்... நாலாவது ஏரியில் தோணி விடும்போதுதான் 30 சி தட்டுப்படும். அவகாட்ரோ கணக்குப்படி 12 சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம். மீதி: தண்ணீர், ஆல்கஹால், நம்பிக்கை.

ஆல்கஹாலா? என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று இருமல் பிரியம் வந்துவிட்டதே!
– இல்லத்தரசி, ஆண்டார்மடம்

12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தைக் கடையில் 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது என்கிறது மருந்து விதி 106பி. சட்டம் எழுதியவருக்கு உங்க வீட்டுக்காரரை முன்பே தெரியும் போல.

மருந்து கரைந்து போனாலும் தண்ணீருக்கு ஞாபகம் இருக்குமாமே?
– கல்லூரி மாணவர், பழவேற்காடு

இருந்தால், 1613-ல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரன் தும்மல் இன்னும் நம்ம வலையில் மாட்டணுமே தம்பி!

எதுவுமே இல்லை என்றால் கெடுதலும் இல்லைதானே?
– இறால் வியாபாரி, பொன்னேரி

லேபிளை நம்பி அப்படி முடிவு கட்டாதீர். அமெரிக்காவில் ஸிகாம் என்று ஒரு சளி மருந்து. ஹோமியோபதி என்ற பெயரில்தான் விற்றார்கள். ஆனால் மூக்கில் போடும் அந்த ஜெல்லில் துத்தநாகம் நிஜமாகவே இருந்தது. வாசனை உணர்வே போய்விடலாம் என்று 2009 ஜூனில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வாங்குகிறவர்களுக்கெல்லாம் மூக்கு போனால் இறால் கடைக்கு என்ன லாபம் என்று உமக்கா சொல்லணும்?

அப்ப குழந்தைக்கு இங்கிலீஷ் சிரப்பே மேலா?
– இளம் தாய், பசியாவரம்

இதில் நக்கல் இல்லை தாயீ. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. 2025-ல் அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பிஞ்சுகள் செத்தன. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது. மூச்சு இரைத்தால், பால் குடிக்க மறுத்தால் நேரே டாக்டர்.

மூணு வாரமாக இருமல். ஸ்ப்ரே கம்பெனியை மாற்றலாமா?
– படகோட்டி, பசியாவரம்

கம்பெனியை விடும், க்யூவை மாற்றும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை. காசு வாங்க மாட்டார்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். நீர் இன்னும் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு இருக்கிறீர்.

நண்டு ரசம் குடித்தால்?
– வாசகர், லைட்ஹவுஸ் குப்பம்

சூடும் மிளகும் அடைத்த மூக்கைத் திறக்கும். வைரஸ் சாகாது. செத்தது நண்டுதான்.