மணிக்கட்டு

1983. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். தெருக்கோடியில் ஐஸ் வண்டி மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவான். அப்பாவின் சைக்கிள் பெடலைச் சுற்றிவிட்டு, பின்சக்கரம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கமாட்டான், கையும் காட்டமாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ப் பானைமேல் வைப்பான்.

எல்லாவற்றையும் எல்லாரும் பார்த்தோம். "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்று அப்பாயி வசம்பை உரைத்து நாக்கில் தடவியது. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று அம்மாமேல் பழி விழுந்தது. சாகும்வரை அம்மா அதை நம்பினாள். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-லேயே அமெரிக்காவில் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். நாற்பது ஆண்டாகியும் ஆட்டிசம் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

போன வருடம், மகள் வீடு. ஒன்றரை வயதுப் பேரன் என் முகத்தைப் பார்க்காமலே மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர் கேனிடம் இழுத்துப்போனான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்பாயி சொன்னதையே சம்பந்தியம்மாவும் சொன்னார். "காத்திருந்து பார்த்த வீடுங்க எங்க வீடு" என்றேன்.

குழந்தை மருத்துவர் 20 கேள்விகள் கேட்டார். விரல் நீட்டிக் காட்டுகிறானா? கூப்பிட்டால் திரும்புகிறானா? மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிறானா? முதலில் காதைச் சோதிக்க அனுப்பினார். "ஆட்டிசமா இல்லையான்னு முடிவாக நாளாகலாம். பயிற்சியை இப்பவே தொடங்கிடுங்க. இது அம்மா செஞ்ச தப்பால வர்றதில்ல" என்றார். மகள் அழுதாள். நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

ஒரு வயதில் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, வந்த பேச்சு நின்றுபோவது: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆட்டிசமாக இல்லாமலும் போகலாம், காட்டியதால் நஷ்டமில்லை. பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கவென்றே பேச்சுப் பயிற்சியாளர் உள்ள மையங்கள் இப்போது இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது.

தம்பி என்னோடுதான் இருக்கிறான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தாகமெடுத்தால் இன்றும் என் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறான். எங்களுக்குத்தான் புரிகிறதே என்று அன்றைக்கு இருந்துவிட்டோம். எனக்குப் பிறகு அவன் தாகம் யாருக்குப் புரியும்?