பாய்லர் கம்பெனியில் ஒரு பிரசவம்

1955 ஜூலை 21. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவுக்கு இரண்டு கார்கள் போய்க்கொண்டிருந்தன. வழியில் யாராவது போலீஸ்காரர் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்லியிருந்தால் மருத்துவ வரலாறு வேறு திசையில் போயிருக்கும். உள்ளே இருந்தவை பெண்களின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டிகள். கர்ப்பப்பை ஃபைப்ராய்டுகள், கூடவே பெரிய சினைப்பை நீர்க்கட்டி ஒன்று. சரக்கை ஏற்றி வந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்ட். கட்டிக்குச் சொந்தக்காரிகளிடம் சம்மதம் கேட்கும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது.

கார்கள் போய் நின்ற இடம் ஆஸ்பத்திரி அல்ல; பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனி. வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். காதுக்கு எட்டாத ஒலியை அது இரும்புக்குள் அனுப்பும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல, விரிசலில் மோதி எதிரொலி வரும். திரையில் ஒரு கோடு துள்ளும். கம்பெனி டைரக்டர் ஒருவரின் மனைவி டொனால்டிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். சிபாரிசு நம்மூர்ச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரென்ஃப்ரூவில் கதவைத் திறந்ததும் அதுதான். உபசாரத்திலும் குறையில்லை. கட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கம்பெனியே ஏற்பாடு செய்திருந்தது.

பாய்லரைப் பார்த்த பெட்டி கட்டியையும் பார்த்தது. நீர்க்கட்டியின் இரு சுவர்களிலும் எதிரொலி, நடுவில் நிசப்தம். ஃபைப்ராய்டு அப்படியில்லை, திரையில் அதன் கோலமே வேறு. வயிற்றைத் திறக்காமலே இது தண்ணீர், இது சதை என்று சொல்லிவிடலாம் என்று டொனால்டுக்குப் புரிந்துபோயிற்று.

இந்தக் கதையில் இதுவரை ஒரு பிள்ளைத்தாச்சிகூட வரவில்லை என்பதைக் கவனிக்கவும். அந்த மனிதர் தேடிப் போனது கட்டியை. குழந்தை குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

டொனால்ட் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் மருத்துவராக இருந்தவர். தீப்பிடித்து எரியும் விமானத்தில், வெடிக்காத குண்டுகள் உள்ளே கிடக்க, வீரர்களை வெளியே இழுத்துப் போட்டுப் பட்டம் வாங்கியவர். ரேடார், சோனார் பற்றியெல்லாம் தெரிந்துகொண்டதும் அங்கேதான். போர் முடிந்து வந்து, மூச்சுவிடத் திணறும் பச்சைக் குழந்தைகளுக்குச் சுவாசக் கருவி செய்தார். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் இதை நோயாளி மேல் வைத்தால் என்ன என்று யோசிக்கும் புத்தி. லண்டன் சகாக்கள் சிலர் அவருக்கு 'பைத்தியக்கார டொனால்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் பாசம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

அவருக்கு முன்னால் யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். முயன்ற விதம்தான் சுவாரசியம்.

வியன்னாவில் கார்ல் டுசிக் என்ற நரம்பியல் மருத்துவர் 1942-லேயே மண்டைக்குள் கேளா ஒலியைச் செலுத்தி மூளையைப் படம் பிடித்துவிட்டதாக அறிவித்தார். உலகம் பத்து வருடம் வியந்தது. பிறகு ஜெர்மானியர்கள் வெறும் மண்டை ஓட்டை வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே படம் வந்தது. மூளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிப்போர்ட் ஒன்றுதான். டுசிக் படம் பிடித்தது பெரும்பாலும் எலும்பை.

அமெரிக்காவின் டென்வரில் டக்ளஸ் ஹவ்ரி இன்னும் ஒரு படி மேலே போனார். ஒலிக்கு நடுவில் காற்று ஆகாது, தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைப் பிடித்தார். அடுத்து, பி-29 குண்டுவீச்சு விமானத்திலிருந்து கழற்றிய துப்பாக்கிக் கோபுரத்தைப் பிடித்தார். அதில் தண்ணீரை நிரப்பி, நோயாளியை உட்கார வைத்து, அவர் மிதந்துவிடாமல் இருக்க உடம்பில் எடையும் கட்டிவிட்டார்கள். ஒலிக்கருவி பற்சக்கரத்தில் ஏறி அவரைச் சுற்றிச் சுற்றி வரும். நோயாளி அசையக் கூடாது. படம் அருமையாக வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடக்கவே முடியாத நோயாளியைத் துப்பாக்கிக் கோபுரத்தில் ஏற்றுவது எப்படி என்ற கேள்விக்கு டென்வரில் விடை இல்லை.

ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் இதயத்தைப் பார்க்க ஆசைப்பட்டு 1953-ல் மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் விரிசல் பார்க்கும் பெட்டியை இரவல் வாங்கினார்கள். ஆக, கப்பல்காரன், பாய்லர்காரன், விமானக்காரன் எல்லோரும் உதவிக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்களை நம்ப வைப்பதுதான் பாக்கி.

கிளாஸ்கோவுக்குத் திரும்புவோம். டொனால்டுக்கு ஒரு பழைய பெட்டி இரவலாகக் கிடைத்தது. அதில் ஒரு கோளாறு: தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டர் ஆழம்வரை அதற்குக் கண்ணே தெரியாது. வயிற்றில் பார்க்க வேண்டிய பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் கண்டுபிடித்த மாற்று வழி, தண்ணீர் வாளி. வாளியைப் பெண்ணின் வயிற்றின் மேல் வைத்து, கருவியை மேலே தூக்கிப் பிடித்து, குருட்டுப் பகுதியைத் தண்ணீரிலேயே கழித்துவிடுவது. வாளி ஒழுகியது. படுக்கை நனைந்தது. நோயாளியும் நனைந்தார்.

இந்த ஈரத்துக்கு முடிவு கட்டியவர் டாம் பிரவுன். கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியில் வேலை பார்த்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இன்ஜினீயர். அதே விரிசல் பார்க்கும் பெட்டியைச் செய்து விற்ற கம்பெனி அது. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு மாட்டும் வேலை நடந்தபோது, 'பேராசிரியர் ஒருவர் உங்கள் பெட்டியை மனுஷர்கள் மேல் வைத்துப் பார்க்கிறாராம்' என்று ஒரு பேச்சு அடிபட்டது. சேதி பிரவுனை எட்டியதும் அவர் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, நேரே பேராசிரியர் வீட்டுக்கே போன் போட்டார். மேலதிகாரியின் அனுமதி, முறையான கடிதம், முத்திரை எதுவும் இல்லை. நம்மூர் அலுவலகமாக இருந்தால் பிரவுனுக்கு மெமோ வந்திருக்கும். மெமோவுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை ஸ்கேன் இல்லாமலே பிறந்திருக்கும்.

பிரவுன் வந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரவல் பெட்டியை யாரோ மாற்றியமைத்து இன்னும் கெடுத்திருந்தார்கள். கம்பெனியிடம் பேசி நல்ல பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. ஒரு கோடு துள்ளுவதை விட்டுவிட்டு, குறுக்குவெட்டுப் படமே திரையில் விழும்படி ஒரு கருவி செய்யக் கிளம்பினார். மேலிடம் கொடுத்த பணம் 500 பவுண்டு. அந்தக் காசுக்கு அவர் அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளி சாப்பிடுவதற்குக் குறுக்கே வைப்பார்களே, அந்த மேஜை. கஞ்சிக் கிண்ணம் இருந்த இடத்தில் கருவி உட்கார்ந்தது. வாளி ஒழிந்து, வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவும் காலம் வந்தது. இன்று நீங்கள் குளிரக் குளிரப் பூசிக்கொள்ளும் ஜெல்லுக்கு அதுதான் பாட்டி.

சக மருத்துவர்கள் சிரித்தார்கள். சிரிப்பை நிறுத்தியது ஒரு பெண்ணின் வயிறு. வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது, நீர் கோத்துக்கொண்டுவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரியவர்கள் கைவிட்ட கேஸ். டொனால்டும் அவருடைய இளம் மருத்துவர் ஜான் மக்விகாரும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நீர்கோப்பு என்றால் குடல் மிதக்க வேண்டும். இங்கே தெளிவான சுவரோடு ஒரு பெரிய வெற்றிடம். நீர்க்கட்டி மாதிரி இருக்கிறதே என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். சாதாரண சினைப்பைக் கட்டிதான். அகற்றியதும் அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். மரணப் படுக்கையில் இருந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், விரலால் அழுத்திப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்கிற மருத்துவருக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

1958 ஜூன் 7-ம் தேதி லான்செட் இதழில் டொனால்ட், மக்விகார், பிரவுன் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. தலைப்பு அடிவயிற்றுக் கட்டிகளைப் பற்றியது. அந்தக் கட்டிகளுக்கு நடுவே, போகிற போக்கில், வயிற்றிலிருந்த சிசு ஒன்றின் படமும் அச்சானது. உலகின் முதல் ஸ்கேன் ஆல்பம், கட்டிகளின் வரிசையில்!

நேரமும் கூடி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், கர்ப்பிணி வயிற்றில் எக்ஸ்-ரே எடுத்தால் பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1956-லும் 1958-லும் எழுதிப் பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். அவர் சொன்னதை ஏற்க அவர்களுக்குப் பல வருடம் ஆயிற்று, அது வேறு கதை. இதற்கிடையே டொனால்ட் குழு, குழந்தையின் தலையிலிருந்து தெளிவான எதிரொலி வருவதைப் பிடித்துக்கொண்டது. தலையை அளக்கலாம்; அளந்தால் வளர்ச்சி தெரியும். 'நாள் தள்ளிப்போய் எத்தனை மாசம்?' என்று கணவன், மாமியார், காலண்டர் மூவரும் மூன்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த விவகாரத்தில் நான்காவதாக ஒரு நடுவர் வந்து உட்கார்ந்தார்.

1963-ல் இன்னொரு தற்செயல். சிறுநீர்ப்பை நிறைந்திருந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்தபோது கர்ப்பப்பை அட்டகாசமாகத் தெரிந்தது. நிறைந்த பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு ஜன்னல் திறந்து விடுகிறது. ஆறேழு வாரக் கருவைக்கூடப் பார்க்க முடிந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வரிசையில் தங்கள் முறை வருமா, அதற்குள் வேறேதும் வந்துவிடுமா என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தக் கிளாஸ்கோப் பெண்மணி. அவர் அன்று காலையில் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வந்திருக்கலாம்.

பிறகு வேகம்தான். 1965-ல் சீமென்ஸின் விடோசன் அசையும் படத்தைக் காட்டியது. 1972-ல் லண்டனில் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் குழு மூளை வளராத சிசுவைக் கருவிலேயே கண்டது. அடுத்த வருடம் கிளாஸ்கோவின் ஹியூ ராபின்சன், தலையிலிருந்து பிட்டம்வரை அளந்து கருவின் வயதைச் சில நாள் வித்தியாசத்தில் சொல்ல வழி செய்தார். இன்றும் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த அளவுதான். டாம் பிரவுன் 1970-களிலேயே முப்பரிமாண ஸ்கேனர் செய்து பார்த்தார். வாங்க ஆள் இல்லை, வியாபாரம் படுத்துவிட்டது. டொனால்டுக்கு அரசு விருது வந்தது. போன் போட்ட பையனின் பெயரை எத்தனை டாக்டர்களுக்குத் தெரியும் என்று அடுத்த தடவை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் விதி கொஞ்சம் கேலி செய்தது. டொனால்ட் தீவிர கிறிஸ்தவர். பிரிட்டனில் 1967-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். திரையில் அசையும் சிசுவைக் காட்டித் தாய்மார்களின் மனதை மாற்ற முயன்றவர். அதே கருவி இந்தியாவுக்கு வந்ததும் நம்மவர்கள் அதில் முதலில் தேடியது மூளையை அல்ல, முதுகெலும்பை அல்ல. ஆணா பெண்ணா என்பதை. பெண் என்றால் கலைப்பு. பாய்லரில் விரிசல் தேடிய பெட்டியை வைத்து மகள்களைத் தேடித் தேடி அழித்தோம். இதில் வேடிக்கை பேச ஒன்றுமில்லை. 1994-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1996-ல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டுவரை சிறை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்பிய பிறகுதான் டாக்டர் ஸ்கேனைத் தொட முடியும்.

ஆகவே, ஸ்கேன் அறையில் 'என்ன குழந்தை டாக்டர்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொறுக்க முடியவில்லையென்றால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போங்கள். வயிறு உருண்டையா கூரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டென்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். படிவம் நிரப்ப வேண்டாம், தண்ணீரும் குடிக்க வேண்டாம்.